மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்

வணக்கம் சார்,

திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டு மலையின் மூங்கில் தவளை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், சிங்கப்பூரில் யீஷூனுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மூங்கில் வெட்டுவதைக் கண்டித்திருந்தீர்கள். மூங்கில் புல்தானே, வெட்டினால் முளைக்காதா? தவளை வேறு மூங்கிலுக்குப் போய்விடாதா? கூடை முடைகிறவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்?

அன்புள்ள ஐயா,

முளைக்கும். ஆனால் புதிதாக முளைப்பதில் வாசல் இருக்காது.

இந்தத் தவளைக்கு மூங்கிலைத் துளைக்கத் தெரியாது. பூச்சியோ எலியோ போட்ட ஓட்டை வேண்டும், அதுவும் பச்சை மூங்கிலில், கணுக்களுக்கு நடுவே. தவளை நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் அகலம்தான். ஓட்டையோ ஒரு சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பளிச்சென்ற பச்சை உடம்பு, தொடையில் சாம்பல் நீலம். இந்த உடம்பை அந்தச் சந்தில் நுழைத்து உள்ளே போய்விடுகிறது. ஆண் உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்துப் பெண்ணைக் கூப்பிடுகிறது.

முட்டை ஐந்திலிருந்து எட்டுதான். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். அதுவரை காவல் அப்பன். இருட்டியதும் சில மணி நேரம் இரைதேடப் போய்வரும், மற்றபடி உள்ளேதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இதை ஆராய்ந்த சேஷாத்ரி, காவல் இருக்கும் ஆண் தவளையை எடுத்துவிட்டுப் பார்த்தார். பெரும்பாலான முட்டைகள் பிழைக்கவில்லை. பலவற்றை அதே இனத்து வேறு ஆண்கள் தின்றுவிட்டன. எனக்கு மனசு கனத்துப்போனது.

ஆக, பகலில் ஒரு தண்டை வெட்டினால் வீடு, முட்டை, தகப்பன் மூன்றும் சேர்ந்து போகிறது. வேறு மூங்கிலுக்குப் போக அங்கே யாரும் மிஞ்சுவதில்லை.

1876-இல் பெயர் வைத்த தவளை இது. அப்புறம் நூறு வருடத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2011-இல்தான் மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். இனி ஒருமுறை தொலைத்தால் கிடைக்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கூடை முடைகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காகிதக் கூழுக்காகப் புதர் புதராகச் சாய்ப்பதுதான் பெரிய ஆபத்து. முடைகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்து, ஓட்டை விழுந்த தண்டை மட்டும் விட்டுவிட்டால்கூடப் போதும் என்று நினைக்கிறேன். ஓட்டை விழுந்த மூங்கில் முடைய உதவுமா, உதவாதா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள் ஐயா.