மாலையில் சேரின் பயிற்சி, காலையில் அண்ணனின் பயிற்சி

கேள்வி: தரம் 11இல் படிக்கும் என் மகள் பாடசாலை அணியில் 1500 மீற்றர் ஓடுகிறாள். பயிற்றுவிப்பாளர் கிழமையில் ஐந்து நாளும் 400 மீற்றர் வேக ஓட்டங்களையே திரும்பத் திரும்ப ஓட வைக்கிறார். நெடுந்தூரம் மெதுவாக ஓட வேண்டும் என்று சொல்லும் அவளுடைய அண்ணன், விடியற்காலையில் கல்லடிக் கடற்கரையில் அவளை ஓட விடுகிறான். இது சேருக்குத் தெரியாது. இரண்டு கிழமைகளாக முன்னங்காலில் வலி என்கிறாள். அதிபரிடம் முறையிடலாமா, அணியிலிருந்து விலக்கிவிடலாமா?
- ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: அன்புள்ள சகோதரி, முறைகளைப் பற்றிய விவாதத்துக்கு முன்னர் வலியைக் கவனியுங்கள். எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தும்போது வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அது எலும்பில் நுண்ணிய வெடிப்பாக இருக்கக்கூடும் என்பதால், வைத்தியர் பார்க்கும் வரை அவள் ஓடவே கூடாது. மாதவிடாய் தவறியிருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது அதுவும் தவறும், எலும்பும் பலவீனப்படும்.

இரண்டு முறைகளுக்கும் வரலாற்றில் சான்று உண்டு. 400 மீற்றர் ஓட்டங்களை நாள்தோறும் பல தடவை ஓடிப் பழகிய செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றையும் வென்றார். நெடுந்தூர ஓட்டத்தை வலியுறுத்திய நியூசிலாந்துப் பயிற்றுவிப்பாளர் ஆர்தர் லிடியார்டிடம் பயின்று, கிழமைக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் ஓடிய பீற்றர் ஸ்னெல், 1964 டோக்கியோவில் 800 மீற்றரையும் 1500 மீற்றரையும் வென்றார். ஆனால் அவர்கள் வளர்ந்த ஆண்கள். வளரும் பிள்ளைக்கு ஐந்து நாளும் தொடர்ந்து வேக ஓட்டம் கொடுப்பது மிகை என்பதே என் கருத்து. கடினமான நாளுக்கு அடுத்த நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெதுவான ஓட்டமோ ஓய்வோ இருக்க வேண்டும். இந்த அளவில் உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சேருக்குத் தெரியாமல் அவர் செய்தது சரியல்ல. சாய்ந்து கிடக்கும் மென்மணலில் ஓடுவது கெண்டைக்காலை மிகவும் இழுக்கும். அந்தச் சுமையை அறியாத பயிற்றுவிப்பாளர், பிள்ளை களைப்பின்றி வந்திருக்கிறாள் என்று எண்ணியே மாலைப் பயிற்சியைத் தீர்மானிக்கிறார். காலையோட்டத்தை இன்றே நிறுத்தி, நடந்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டியவள் மகள்தான். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் அல்லாமல், பயிற்சி முடிந்து மைதானம் அமைதியான பிறகு, கடந்த இரண்டு கிழமைகளில் ஓடியதையும் வலி தொடங்கிய நாளையும் எழுதிய கொப்பியோடு போகட்டும். “சேர், இந்த ஓட்டம் எதுக்காக? எந்த நாளில நான் இலேசா ஓடலாம்?” என்று கேட்கட்டும். அண்ணன் எழுதிய அட்டவணையை அவரிடம் நீட்ட வேண்டாம். பாடம் முடிந்த பின்னும் வெயிலில் நின்று பழக்கும் மனிதரை அது புண்படுத்தும். அவளுக்குத் தயக்கம் என்றால் நீங்கள் உடன் போங்கள், ஆனால் பேச்சு அவளுடையதாக இருக்கட்டும்.

வலியைச் சொன்ன பிறகும் ஓட வற்புறுத்தினாலோ, தண்ணீர் குடிக்க விடாவிட்டாலோ, இழிவாகப் பேசினாலோ, அது பயிற்சி முறை பற்றிய கருத்து வேறுபாடு அல்ல. அப்போது தாமதிக்காமல் அதிபரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.

அணியிலிருந்து விலக்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சேரின் எண்ணமும் மகனின் எண்ணமும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. மகள் என்ன விரும்புகிறாள் என்பது ஒரு வரியிலும் இல்லை. இன்றிரவு அவளிடம் கேளுங்கள்.