நூறடிக்குத் துளைக்கும் முன்

கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் மேற்கில், கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி எங்கள் கிராமம் இருக்கிறது. எண்பது குடும்பங்கள். சனசமூக நிலையத்துக்குப் பின்னால் உள்ள பொதுக்கிணற்றில் முன்பு நல்ல தண்ணீர். இரண்டு குதிரைவலு மோட்டர் பூட்டிய பிறகு ஆவணி, புரட்டாதியில் உவர்க்கிறது. கனடாவில் உள்ள எங்கள் ஊரவர்கள் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். நூறடிக்குக் குழாய்க்கிணறு அடித்து, உயரத்தில் தாங்கி கட்டி, சவ்வினால் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றும் வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரியா?
— சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர்

பதில்: குழாய்க்கிணற்றை விட்டுவிடுங்கள். உங்கள் கிணற்றில் ஆழத்துக்குக் குறைவில்லை. இறைக்கும் வேகம்தான் கூடிவிட்டது. நூறடிக்குத் துளைத்தால் உப்பை இன்னும் விரைவாகச் சந்திப்பீர்கள், அதற்குக் கூலியும் கொடுத்து.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டுமே உயிர் பெறுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது; ஆண்டு முழுவதும் நாம் குடிப்பது அதைத்தான். இந்த நன்னீர், அடியில் இருக்கும் பாரமான கடல்நீரின் மேல் ஒரு கண்ணாடிவில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு.

இதை உங்கள் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். நிலம் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீற்றர் உயரம், கோடையில் நீர்மட்டம் கடலுக்கு மேல் அரை மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்னீரின் எல்லை நிலத்திலிருந்து 25 மீற்றரில் முடிகிறது. நூறடி என்பது 30 மீற்றர். அதுவும் இந்த எல்லை கோடு கிழித்ததுபோல இருப்பதில்லை. இரண்டும் கலந்த தடித்த அடுக்கு ஒன்று அதற்கும் மேலேயே தொடங்கிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு என்பதை வந்தவர்களுக்கெல்லாம் அதிசயமாகக் காட்டுகிறோம். நம் கிணறுகளுக்கு அடியில் இருப்பதும் அதே அமைப்புத்தான்.

அந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்க வேண்டும். நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் இறக்கினால் உவர்நீர் நான்கு மீற்றர் ஏறப் பார்க்கும். பெரிய மோட்டர் கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீரைக் கூம்புபோல மேலே இழுக்கிறது. துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்து இளைப்பாறும்போது கிணறும் ஊறியது. மோட்டருக்குக் களைப்பு ஏது?

ஆகவே முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். எண்பது குடும்பம், குடும்பத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர்: மொத்தம் 32,000 லீற்றர். இதை 16 மணி நேரத்தில் இறைத்தால் மணிக்கு 2,000 லீற்றர் போதும். இரண்டு குதிரைவலு இதைப் போலப் பல மடங்கு இறைக்கும். என் யோசனை: இதே கிணற்றில் ஒரு சிறிய பம்பி, நல்ல தூரம் தள்ளி இன்னொரு திறந்த கிணற்றில் இன்னொன்று, ஒவ்வொன்றும் மணிக்கு ஆயிரம் லீற்றர். உறிஞ்சுகுழாயை அடிவரை இறக்க வேண்டாம். மட்டம் குறித்த அளவுக்குக் கீழே போனால் தானாக நிற்கும் மிதவை ஆளியும் பூட்டுங்கள். மெதுவாக இறைப்பதால் தாங்கி கட்டாயம் வேண்டும். ஒப்பந்தக்காரர் சொன்னதில் நான் உடன்படுவது அதில் மட்டுமே. 20,000 லீற்றர் கொள்ளளவும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் உயரமும் போதுமானவை.

ஆர்.ஓ. பற்றி முடிவெடுக்க நீர்ப் பரிசோதனை அறிக்கை வேண்டும். ஒருமுறை எடுத்தால் போதாது. உப்பு உச்சத்தில் இருக்கும் புரட்டாதியில் ஒன்று, மாரி தொடங்கித் தோட்ட உரத்தைக் கழுவி இறக்கிய பின் கார்த்திகையில் ஒன்று. உப்பைக் காட்டும் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள்ளும், உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று 50க்குள்ளும் இருக்க வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை நைதரசன் அளவாக எழுதும். அப்போது எல்லை 50 அல்ல, ஏறத்தாழ 11. இருபது என்று கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்.

நைத்திரேற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அது செறியும். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். அளவு கூடியிருந்தால் ஆர்.ஓ. வையுங்கள். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்குப் பத்து லீற்றர் என்று, தனிக்குழாயில். குளிக்கிற தண்ணீரையும் அதனூடாக அனுப்புவது பணத்தைக் கரைக்கிற வேலை. அது கழிக்கும் உவர்நீர் எங்கே போகும் என்று ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். பின்வளவில் குழி வெட்டி விடுகிறோம் என்றால், அது உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும்.

மலசலகூடக் குழிகளும் அப்படித்தான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பதடி என்று மண்ணுள்ள ஊர்களுக்கு எழுதிய விதியை நம் சுண்ணாம்புக்கல் மதிப்பதில்லை. வெடிப்பு வழியாகக் கழிவு வெகுதூரம் ஓடும். கிணற்றைச் சூழ உள்ள வீடுகளுக்காவது அடி கட்டிய தொட்டி வேண்டும். தாங்கியில் குளோரின் சேர்த்து அரை மணி நேரம் விட்டு, கடைசி வீட்டுக் குழாயில் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்கிறதா என்று ஒருவர் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

அந்த ஒருவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கனடாப் பணம் கட்டடத்துக்கு வரும், மின்கட்டணத்துக்கு வராது. பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்க, நிழலில் ஆடு படுத்திருக்கும் வறண்ட தாங்கிகளை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்கு வீடு மீற்றர் பூட்டி, மாதக் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கைப் பம்பி மாற்றவும் ஆர்.ஓ. சவ்வு மாற்றவும் ஒதுக்குங்கள். கிணற்றுக் காணியின் உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நம் உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்றெல்லாம் எழுதியிருப்பது சும்மா அல்ல. குழாய் போட்ட பின் பங்காளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து மறித்தால் என்ன செய்வீர்கள்?

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். முதலில் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் எடுக்கத் திட்டமிட்டு, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததால் கடல்நீருக்குத் திரும்பியதன் விளைவுதான் கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடி நிலையம். 2024இல் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. அந்த விநியோகக் குழாய் உங்கள் பக்கம் எப்போது வரும் என்று கேளுங்கள். விரைவில் வருமென்றால் தாங்கியைச் சிறிதாக்கி, சபை ஏற்கும் தரத்தில் குழாய் பதித்தால் பின்னர் இணைத்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 24 மணி நேரச் சோதனை இறைப்பு, மணிக்கொரு முறை நீர்மட்டமும், உப்பு ஏற ஏறக் கூடும் மின்கடத்துதிறனும் அளந்து எழுத வேண்டும், மின்கடத்துதிறன் ஏறாமல் நின்றால்தான் கடைசித் தவணைப் பணம். சோதனையைப் புரட்டாதியில் வையுங்கள். மழை பெய்த பின் செய்யலாம் என்று அவர் இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.