பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் ஞாயிறன்று வாரத்துக்கு மொத்தமாக வாங்கும் காய் புதனுக்குள் அழுகுகிறதா?

மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கீரை, கொத்தமல்லியை மட்டும் அங்கே மொத்தமாக வாங்காதீர்கள். ஞாயிறு வாங்கியது புதனுக்குள் அழுகிவிடுகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஃபிரிட்ஜில் இருக்கும் கவரைப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

அப்புறம் சமைக்கும் வரிசை. முதலில் வெண்டை, கத்தரி, பீன்ஸ். சௌசௌ, கேரட், முட்டைக்கோஸ் கடைசிவரை தாங்கும். கீரையைத் தள்ளுவண்டியிலோ ஹாப்காம்ஸ் என்னும் காய்கறி, பழக் கூட்டுறவுக் கடையிலோ அன்றன்றைக்கு ஒரு கட்டு வாங்கினால் போதும், சத்தும் குறையாது.

ஒன்று: வீட்டில் இரண்டே பேர் என்றால், ஆட்டோ காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பக்கத்துக் கடையே மலிவாக இருக்கலாம்.