முடியாத ஆட்டத்துக்கு முழுப்பணம் கொடுத்தவர் பேசக்கூடாதா?

கேள்வி: ஒரு சிறு குழு உருவாக்கிவரும் உயிர்பிழைப்பு வகைக் கணினி ஆட்டம் ஒன்றை, அது எர்லி ஆக்சஸ் (முடிக்கும் முன்பே விற்பனைக்கு விடும் முறை) நிலையில் இருந்தபோதே பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். முந்நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடியும் இருக்கிறேன். இன்றுவரை ஆட்டம் முடிந்தபாடில்லை. வரும் என்று சொன்னவற்றில் பாதி வரவில்லை. 'இவர்கள் ஏமாற்றுக்காரர்கள்' என்று விமர்சனம் எழுதினேன். 'இன்னும் முடிக்கப்படாத ஆட்டத்தைக் குறைசொல்ல உனக்கு என்ன உரிமை? விமர்சனத்தை நீக்கு' என்று ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எர்லி ஆக்சஸுக்கு மூன்றாண்டு உச்சவரம்பு விதித்துவிட்டால் இந்தச் சச்சரவே இராது என்பது என் கருத்து. தங்கள் கருத்து என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விமர்சனத்தை நீக்காதீர்கள். ஆனால் உங்கள் உச்சவரம்பு யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. நீங்கள் பயன்படுத்திய அந்தக் கடுஞ்சொல்லைப் பற்றியும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

முதலில் உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். டபுள் ஃபைன் நிறுவனம் 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' என்ற விண்வெளி நிலைய ஆட்டத்தை 2013 அக்டோபரில் எர்லி ஆக்சஸில் விற்பனைக்கு விட்டது. எதிர்காலத்தில் சேர்க்க எண்ணியவற்றின் நீண்ட பட்டியலும் கூடவே வந்தது. விற்பனை வருவாய் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று கூறி, அடுத்த ஆண்டே வேலையை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பட்டியலின் பெரும்பகுதி கைவிடப்பட்ட நிலையில், முழு வெளியீட்டைக் குறிக்கும் 1.0 என்ற எண்ணோடு ஆட்டம் வெளியானது. ஏறத்தாழ ஓராண்டில் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் சொல்லும் மூன்றாண்டு விதிப்படி பார்த்தால் இவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. பணம் கொடுத்தவர்களுடைய மனம் அப்படிச் சொல்லவில்லை.

மறுபுறம் 'ப்ராஜெக்ட் சோம்பாய்ட்' இருக்கிறது. அது 2013 நவம்பரில் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையின் எர்லி ஆக்சஸுக்கு வந்தது. 2024 டிசம்பரில் அதன் 42ஆவது பில்ட் (பதிப்பு) சோதனை வடிவில் வெளிவந்தபோதும் அந்த முத்திரை நீங்கியிருக்கவில்லை. உங்கள் விதி நடப்பில் இருந்திருந்தால் 2016இலேயே அதை ஏதேனும் ஒரு வடிவில் முடித்துக் கட்டியிருக்க வேண்டும்; 2021 டிசம்பரில் உறுதிபெற்ற 41ஆவது பில்டும், அது ஆட்டத்துக்குக் கொண்டுவந்த பெருங்கூட்டமும் வெறும் கனவாகியிருக்கும். 1.0 என்ற எண்ணை இடுபவர் ஆட்டத்தை உருவாக்குபவரே அன்றி வேறு எவரும் அல்லர். ஆட்டம் முடிந்ததா என்று சோதித்துச் சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் கிடையாது. எனவே கெடு வைத்தால் கெடு நாளன்று 1.0 வரும், ஆட்டம் முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காலம் நீள்வதற்குப் பெரும்பாலும் நேர்மையான காரணங்களே உண்டு. ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் விலகினாலே சில மாதங்கள் போய்விடும். ஆட்டத்தை இயக்கும் அடித்தள மென்பொருளான எஞ்சினை மாற்ற வேண்டிவந்தால் ஆண்டுகள் கரையும். 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்த 'டேஇசட்' ஆட்டம் 1.0 நிலையை எட்ட 2018 டிசம்பர் ஆனதற்கு அத்தகைய மாற்றம் ஒரு முக்கியக் காரணம். அதோடு, இந்த முறையில் விளையாடுவோரின் குரல் ஆட்டத்தின் உருவத்தையே மாற்றுகிறது. அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

'டார்க்கஸ்ட் டஞ்சன்' ஆட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அதில் எதிரிகள் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவன் வீழ்ந்தால் பின்னால் இருப்பவன் முன்னுக்கு வந்து நம் வாளுக்கு எட்டுவான். 2015 ஜூலையில் வந்த ஒரு அப்டேட்டில், வீழ்ந்தவனின் சடலம் அந்த இடத்திலேயே கிடக்கும்படி உருவாக்குநர்கள் மாற்றினார்கள். இப்போது பின்வரிசையில் இருப்பவனை எட்ட வேண்டுமானால் சடலத்தை அப்புறப்படுத்துவதற்கே தாக்கும் வாய்ப்பு ஒன்றைச் செலவிட வேண்டும். வியூகத்தை ஆழப்படுத்துவது குழுவின் நோக்கம். அதுவரை பழகிய உத்திகள் ஒரே நாளில் பயனற்றுப்போனவர்களோ கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பு விமர்சனங்கள் குவிந்தன. வேண்டாதவர்கள் சடலங்களை அணைத்துவிடலாம் என்ற தெரிவை ஆட்டத்தின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) சேர்த்த குழு, தன் வடிவமைப்பையும் விட்டுக்கொடுக்காமல் 2016 ஜனவரியில் முழு ஆட்டத்தை வெளியிட்டது. மனக்கசப்போடு நடந்ததுதான் என்றாலும் எர்லி ஆக்சஸ் என்பதன் பொருள் இதில் விளங்குகிறது. அன்று எதிர்த்து எழுதியவர்களிடம் 'முடியாத ஆட்டத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமையில்லை' என்று சொல்லியிருந்தால் அந்தத் தெரிவு வந்திருக்குமா?

இனி உங்களோடு சண்டைக்கு வரும் ரசிகர்களுக்கு வருகிறேன். நான் மிகவும் கவலையோடு பார்ப்பது அவர்களுடைய வாதத்தைத்தான். ஸ்டீமில் எந்த எர்லி ஆக்சஸ் ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தாலும் விலைக்கு முன்பாகவே ஒரு பெட்டி இருக்கும். ஆட்டம் முழுமையடையவில்லை, மேலும் மாறலாம், இப்போதைய நிலையில் இதை விளையாட ஆர்வமில்லை என்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதன் கீழே ஏன் எர்லி ஆக்சஸ், எவ்வளவு காலம், முழு வடிவம் எப்படி வேறுபடும், விலை மாறுமா என்பன போன்ற கேள்விகளும் உருவாக்குநர் தந்த பதில்களும் இருக்கும். இந்தப் பெட்டியைக் காட்டித்தான் ரசிகர்கள் உங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அந்த எச்சரிக்கையைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். இப்போதைய நிலை உனக்குப் போதுமா என்பதை நீயே முடிவுசெய் என்றுதான் அது வாங்குபவரிடம் கேட்கிறது. அப்படி முடிவுசெய்ய அடுத்தவருக்கு எது உதவும்? இப்போதைய நிலையைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட விமர்சனங்கள்தான் உதவும். எச்சரிக்கையை வைத்துக்கொண்டு விமர்சனத்தை மட்டும் அகற்றச் சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டுப் பார்த்து நட என்று சொல்வதற்கு ஒப்பாகும். தவிர, அந்தக் காலகட்டத்தில் எழுதப்படும் ஒவ்வொரு விமர்சனத்தின் மீதும் இது எர்லி ஆக்சஸின்போது எழுதப்பட்டது என்று ஸ்டீமே குறிப்பிட்டுவிடுகிறது. படிப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

ஒரே முத்திரை இரண்டு விதமாகப் பயன்படுத்தப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. விற்கும்போது ஆட்டம் இப்போதே நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்குத் தாங்கும் என்கிறார்கள். குறை சொன்னால் அது இன்னும் பிறக்காத குழந்தையாகிவிடுகிறது. 'ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட்' 2015 ஜூனில் எர்லி ஆக்சஸுக்கு வந்தது, முழு வெளியீடு 2017 ஆகஸ்டில்தான் நடந்தது. இடையே, 2016 செப்டம்பரில், தனிவிலை வைத்து ஒரு விரிவாக்கத்தை விற்றார்கள். அடிப்படை ஆட்டம் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே அதன் மேல் இன்னொன்றை விற்கலாம் என்றால், வாங்கியவர் இரண்டையும் எடைபோடுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. பணத்தை முழுதாக வாங்குகிறவர் விமர்சனத்தையும் முழுதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுகள் ஐந்தானாலும் பன்னிரண்டானாலும் இந்தக் கடமை தேய்வதில்லை.

நல்ல குழுக்கள் இதை அறிந்தே நடக்கின்றன. 'ஃபேக்டோரியோ' குழு வாரந்தோறும் வெள்ளிக்கிழமைக் குறிப்பு ஒன்றை எழுதிவந்தது. எதைச் செய்தோம், எது சரிவரவில்லை, ஏன் அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறோம் என்று சலிக்காமல் சொன்னார்கள். ஸ்டீமில் 2016 பிப்ரவரியில் வந்த அந்த ஆட்டம் 2020 ஆகஸ்டில்தான் முடிந்தது. ஆனாலும் காத்திருந்தவர்கள் இருட்டில் இருக்கவில்லை. 'ஹேடிஸ்' அடுத்த பெரிய அப்டேட் வரும் காலத்தை ஆட்டத்துக்குள்ளேயே காட்டிவந்தது. நாளைச் சொல்ல முடியாதவர்கள் நாளைச் சொல்ல வேண்டாம். என்ன நடக்கிறது என்பதையாவது சொல்லலாமே. வாங்கியவர்களை வாட்டுவது காலத்தைவிட மௌனமே.

மௌனத்தின் கேடு எவ்வளவு என்பதற்குச் சிறு குழு அல்லாத ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு பெரிய வெளியீட்டாளரின் ஆதரவோடு 2023 பிப்ரவரியில் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' முழுமையான ஆட்டத்துக்குரிய விலையில் எர்லி ஆக்சஸுக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட திட்டத்தில் அறிவியல், குடியேற்றங்கள், வேறு நட்சத்திர மண்டலங்கள், பலர் சேர்ந்து விளையாடும் வசதி என்று பல படிகள் இருந்தன. அவற்றுள் முதல் படி மட்டும் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 2024இல் குழு கலைந்தது; அப்டேட்டுகள் நின்றன; விற்பனை நிற்கவில்லை. கடைசி அப்டேட் வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டால் அதை ஆட்டத்தின் பக்கத்திலேயே அறிவிக்கும் ஏற்பாட்டை ஸ்டீம் 2025இல் கொண்டுவந்தது. உச்சவரம்பைவிட இது நல்ல மருந்து. ஆட்டத்தின் வயதை விட்டுவிட்டு அதன் நாடியைப் பார்க்கிறது. எனினும் போதாது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதி, இருபதாவது மணி நேரத்தில் குணம் தெரியும் ஓர் உயிர்பிழைப்பு ஆட்டத்துக்குப் பொருந்தாது. கைவிடப்பட்ட ஆட்டத்தின் விற்பனையையாவது கடை தானாக நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் உங்களோடு நிற்பேன்.

இப்போது உங்கள் விமர்சனம். ஏமாற்றுதல் என்பது நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்தவர்களும் உண்டு, அவர்களுக்கு அந்தச் சொல் தகும். உங்கள் குழு அப்படிச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை; தாமதித்தார்கள், சொன்னதில் பாதியைத் தரவில்லை என்றே எழுதியிருக்கிறீர்கள். அது போக, முந்நூறு மணி நேரம் உங்களை இருத்தி வைத்த ஒன்றை வெறும் மோசடி என்று சொன்னால் படிப்பவர் நம்பமாட்டார். உங்கள் நியாயமான குறைகளும் அதோடு சேர்ந்து அடிபட்டுப்போகும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வாங்கிய ஆண்டு, அன்று அந்தப் பெட்டியில் எழுதியிருந்த கால அளவு, வராமல்போன அம்சங்களின் பெயர், கடைசி அப்டேட் வந்த மாதம், எந்த அப்டேட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பழைய சேவ் கோப்புகள் பயனற்றுப்போயின என்பது, இத்தனைக்கும் பிறகு உங்களைத் திரும்பத் திரும்ப விளையாட வைத்தது எது என்பது ஆகியவற்றை எழுதுங்கள். பரிந்துரைக்கவில்லை என்ற தேர்வை மாற்ற வேண்டிய அவசியமில்லை. அடுத்த அப்டேட் வந்ததும் விளையாடிப் பார்த்துவிட்டு, தேதியிட்டு அதன் கீழேயே இன்னொரு பத்தி சேருங்கள்.