தெளிந்த தண்ணீரின் உப்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 26. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மனசு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் அது எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து படுத்தால் கை போனைத்தான் தேடுகிறது. ஏதோ ரீல்ஸில் ஆரம்பித்து, பார்க்கக் கூடாததில் போய் நிற்கிறேன்.

எங்கள் ஜெபக்குழு அண்ணன் ஒருவர் நீதிமொழிகள் 4:23ஐக் காட்டி, சினிமா, பாட்டு, செய்தி, விசுவாசிகள் அல்லாத நண்பர்கள் எல்லாவற்றையும் விடச் சொன்னார். மூன்று மாதம் விட்டுப் பார்த்தேன். பட்டன் போனுக்கு மாறினேன். ரூமில் இருப்பவர்களிடம் பேச்சை நிறுத்தினேன். கண் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனசில் ஒரே எரிச்சல். மற்றவர்களைப் பார்த்தாலே ஓர் இளக்காரம். அப்புறம் பழைய போனை எடுத்தேன், முன்பைவிட மோசமாக விழுந்தேன். இருதயத்தைக் காப்பது என்றால் என்ன அண்ணா? எதையெதை விட வேண்டும்? கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிறார்கள், அதை வாங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

‘கண் சுத்தமாகத்தான் இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், கிணறு ஞாபகம் வந்துவிட்டது. அதையே சொல்கிறேன். சாயத்தோடு புழங்கும் ஊரில் இருக்கிற உங்களுக்கு அது சட்டென்று புரியும்.

அப்புச்சியின் தோட்டம் நொய்யல் கரையோரம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அணையைக் கட்டி முடித்தது 1992இல். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். இனி இரண்டு போகம் வெள்ளாமை எடுக்கலாம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற தண்ணீர் அது. ஆனால் சில வருஷங்களிலேயே அணையில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. ஓடிப்போயிருந்தால் ஓரளவு கரைந்து போயிருக்கும். தேக்கி வைத்ததால் மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறியது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். சாயம் துணியில் ஏறிவிடும். உப்பு ஏறாது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்கவில்லை.

ஒரு நாள் அப்புச்சி கிணற்றுத் தண்ணீரை வெங்கலச் சொம்பில் எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. “பாக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது” என்றார், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம். அப்படியே துணி துவைக்கிற கருங்கல்லின் மேல் ஊற்றினார். சித்திரை வெயில். பேசிக்கொண்டிருக்கும்போதே கல் காய்ந்தது, காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படலம். அதை விரலால் வழித்து என் நாக்கில் வைத்தார். அந்தக் கரிப்பு இன்னும் என் வாயில் இருக்கிறது. முதலில் மஞ்சள் போயிற்று, அப்புறம் நெல். கடைசியில் தென்னையில் குரும்பை நிற்காமல் உதிர்ந்தது.

தம்பி, நீங்கள் மூன்று மாதம் செய்தது நிறத்தை எடுக்கிற வேலை. அது தேவையான வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எரிச்சலும் இளக்காரமும் உப்பு. அவை கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீருக்குள்ளேதான் இருக்கும்.

‘எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்.’ அந்த அண்ணன் காட்டிய வசனம். அதில் காவல் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். வசனம் பேசுவது ஊற்றைப் பற்றி. எபிரெய மொழியில் இருதயம் என்றால் உணர்ச்சி மட்டும் கிடையாது. யோசிப்பதும் முடிவெடுப்பதும் அங்கேதான். அதனால் நாம் இருதயம், சிந்தை என்று இரண்டாகச் சொல்வது அங்கே ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வசனத்துக்கு அடுத்த வசனம் வாயைப் பற்றியது: ‘வாயின் தாறுமாறுகளை உன்னைவிட்டகற்றி.’ கண்கள் அதற்கு அப்புறம்தான், 25ஆம் வசனத்தில். உள்ளே என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், உன் வாயிலிருந்து என்ன போகிறது பார் என்கிறது வேதம். கிணற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரிய இறைத்த தண்ணீரைத்தானே நாக்கில் வைக்க வேண்டும்.

நான் என் விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சினிமாவுக்கு அனுமதி கிடையாது. குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறாது. அதே வீட்டில், தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுக்கிற அலுமினிய டம்ளர் மாட்டுச்சாளையின் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும். பத்து வயதில் நானே அதை எடுத்துக் கழுவி, தூக்கிப் பிடித்து, படாமல் ஊற்றியிருக்கிறேன். வாங்கிக்கொண்டவருக்கு என் அப்பா வயது. என்னை ‘சின்னவருங்க’ என்பார். அதைத் தீய பழக்கம் என்று ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பேச்சில், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டே, “அவங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கிறார்கள். என் இருதயத்துக்குள் வந்தவற்றிலேயே மோசமானது எது என்று கேட்டால் அந்த டம்ளரைத்தான் சொல்வேன். அது போன் வழியாக வரவில்லை. ஜெபம் பண்ணுகிற வீட்டிலிருந்து வந்தது.

இப்போது வாட்ஸ்அப். சபைக் குழுக்களிலேயே பாருங்கள். பயமுறுத்துகிற தீர்க்கதரிசன வீடியோக்கள், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்பவை, பிற மதத்தவர் எல்லோரையும் எதிரியாகக் காட்டுகிறவை. மேலே ஒரு வசனம் ஒட்டியிருப்பதால் நாம் அவற்றைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய பட்டியல் எதில் தொடங்குகிறது? ‘உண்மையுள்ளவைகளெவைகளோ.’ ஒழுக்கமும் கற்பும் அதற்குப் பின்னால்தான். ஆகவே ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இது உண்மையா என்று. பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். உண்மையாகவே இருந்தாலும், படித்து முடித்ததும் மனசில் யார் மேலாவது வெறுப்புத் தங்குகிறதென்றால் நான் அதை மறுபடி திறப்பதில்லை.

எல்லாவற்றையும் விட்டு ஓடினால் போதும் என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போன துறவிகளில் எவாக்ரியஸ் என்பவர், அங்கேயும் தன்னைப் பின்தொடர்ந்து வந்த கெட்ட எண்ணங்களை எட்டாக எழுதிவைத்தார். பெருந்தீனி, மோகம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. மோகம் இரண்டாவது. பெருமை கடைசி. மற்றவற்றை ஜெயித்தவனிடம்தான் அது வருகிறது என்பது அவர் பார்த்தது. உங்கள் மூன்று மாதம் ஞாபகம் வருகிறதா?

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் வெட்கத்தோடு ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கவலை. இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, தூங்கும் இடத்தில் போன் வேண்டாம். சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்து அலுத்துப்போன உடம்போடு, கையில் இருக்கிற போனை எதிர்த்துப் போராடுகிற பலம் யாருக்கும் இருக்காது. இரண்டாவது, ஒரே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர், கேட்டுவிட்டு வெளியே பேசாதவர், உங்களை விட்டுப் போகாதவர். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது சொஸ்தமடையும்படிக்கு. ஒளித்து வைத்திருப்பது தேங்கி நிற்கும், தேங்கியது மண்ணுக்குள் இறங்கும். விழுந்த மறுநாளும் ஆலயத்துக்குப் போங்கள். தகுதியில்லை என்று வீட்டில் உட்காராதீர்கள்.

ஆனால் அடைத்தால் மட்டும் கிணறு இனிக்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாதபடி சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. எங்கள் மாமா அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தார். அடுத்த மாதம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தார், அதே கரிப்பு. உள்ளே இறங்கின உப்பு எங்கே போகும்? நல்ல மழை பெய்து, புதுத் தண்ணீர் இறங்கி, ஊற்றுக்கண் வழியாக வந்து வந்துதான் அது குறைய வேண்டும். மாமா அப்புறம் கிணற்றைத் தூர் வாரினார். மழைத் தண்ணீர் தோட்டத்தை விட்டுப் போகாமல் வரப்பை உயர்த்தினார். இயேசு சொன்ன வெறும் வீட்டு உவமையும் இதுதான் (மத்தேயு 12). பெருக்கி ஜோடித்து வெறுமையாய் வைத்திருந்த வீட்டுக்கு, முன்பு வெளியேறின அசுத்த ஆவி இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. வீட்டைப் பெருக்கினதில் தப்பில்லை, உள்ளே யாரும் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான். நீங்களும் மூன்று மாதம் வீட்டைப் பெருக்கி வைத்திருந்தீர்கள்.

அதனால் எதை விட வேண்டும் என்று கேட்டதற்கு, எதை உள்ளே விட வேண்டும் என்று பதில் சொல்கிறேன். செக்கிங் டேபிளில் கை பீஸைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று கண் பார்த்துக்கொண்டிருக்கும். மனசுக்கு வேலை இருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு சங்கீதத்தை மனப்பாடம் பண்ணுங்கள். 121ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், எட்டே வசனம். ‘உன்னைக் காக்கிறவர் உறங்கார்.’ ராத்திரி ஷிஃப்ட்காரனுக்கு இதைவிட நல்ல வசனம் எனக்குத் தெரியாது. எபிரெய மூலத்தில் காக்கிறது என்ற சொல் அந்தச் சிறிய சங்கீதத்தில் ஆறு தடவை வருகிறது. ஆறு தடவையும் காக்கிறவர் கர்த்தர்தான். பவுலும் சிறையில் சேவகர்களின் காவலுக்குள் இருந்துகொண்டு, தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்று எழுதினார். அங்கே அவர் போட்ட கிரேக்கச் சொல், படைவீரர்கள் ஒரு ஊரைக் காவல் காப்பதற்குச் சொல்வது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு எவ்வளவு பாரம் இறங்கியது தெரியுமா? அதுவரை நான் ஒற்றை ஆளாக ராவெல்லாம் விழித்து என்னையே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களை விடச் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனிதர்கள் சாயக்கழிவு இல்லை. ஊரே ஒதுக்கிய வரி வசூல்காரர்களான ஆயக்காரர்களோடு பந்தியிருந்த இயேசுவைத்தான் நாம் கும்பிடுகிறோம். கடைசி இரவு ஜெபத்திலும் அவர் சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, தீமையினின்று காக்கும்படிதான் கேட்டார் (யோவான் 17:15). உங்களைத் தப்பான இடத்துக்குக் கையைப் பிடித்து இழுக்கிறவன் இருந்தால் அவனிடம் தள்ளி இருங்கள். மற்றபடி சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற பையன்களை வேறு சாமி கும்பிடுகிறார்கள் என்பதற்காக ஒதுக்கினால், அது நான் கழுவின அலுமினிய டம்ளர்தான்.

பொரி பற்றி. விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை நிதானமாகப் படியுங்கள். பூஜையில் சேர்ந்துகொள்ள வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொரியை வாங்குவது உங்கள் மனச்சாட்சியைக் குத்தினால் வாங்காதீர்கள். ஆனால் கொடுக்கிறவர் முகம் வாடாதபடி, “இருக்கட்டுங்க அண்ணா” என்று சிரித்துச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கை அவருக்கு முதலில் கொடுங்கள்.

ரூமில் இருப்பவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள். மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருந்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். வேண்டுமானால் அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் ஈரோடு வாருங்கள். பிரப் ரோட்டில் இறங்கிப் போன் பண்ணினால் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டு, பொழுதோட மாமா தோட்டத்துக்குப் போய்வரலாம்.

அன்புடன்,
அண்ணன்