அறையில் சரியாகச் சொல்லும் குழந்தை வகுப்பில் ஏன் பழையபடி பேசுகிறது?

கேள்வி: நான் பேச்சு, மொழி சிகிச்சையாளர். மருத்துவமனையில் 4 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். முதல் வாரமே 52 பெயர்கள் உள்ள பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு குழந்தையையும் வாரம் ஒரு முறை தனியாக அழைத்து 30 நிமிடம் பயிற்சி கொடுக்கிறேன். என் அறையில் நன்றாகச் சொல்கிற குழந்தை வகுப்புக்குப் போனதும் பழையபடிதான் பேசுகிறது. ஆசிரியர்களும் “ஒன்றும் மாறவில்லையே” என்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 52 குழந்தைகள், ஆளுக்கு 30 நிமிடம். வாரத்துக்கு 26 மணி நேரம் பயிற்சிக்கே போய்விடுகிறது. அதற்குமேல் மதிப்பீடு, அறிக்கை, பெற்றோர் சந்திப்பு எல்லாம் இருக்கிறது. வகுப்புக்குள் எட்டிப் பார்க்க உங்களுக்கு நேரமே மிஞ்சாது. கோளாறு அங்கேதான். மருத்துவமனை அட்டவணையை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். நானும் பள்ளி வேலையில் முதல் இரண்டு ஆண்டுகள் இதையேதான் செய்தேன். குழந்தைகள் என் அறைக்கென்று ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்று பழகிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் குழந்தை நாள் முழுவதும் எங்கே, யாரோடு பேசுகிறது என்பதை நாம் பார்க்க வழியில்லை. பள்ளியில் அது நம் கதவிலிருந்து பத்தடி தூரத்தில் நடக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால் பள்ளியில் வேலை செய்வதன் பெரிய வசதியை இழக்கிறோம்.

ஒரு பையனை ‘ர’ சரியாக வரவில்லை என்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். “வண்ணம் தீட்டுவதற்கு முன்னால் பெயரை எழுதுங்கள்” என்றார் ஆசிரியர். அவன் உடனே வண்ணம் தீட்ட ஆரம்பித்தான். காதில் விழுந்த வரிசையில் செய்துவிட்டான். ‘முன்னால்’ என்ற சொல் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அவசரமாக அழித்தான். அன்றைக்கு முழுவதும் இப்படியே. ‘ர’ அவனுக்குச் சின்னப் பிரச்சினை. சொன்னது புரியாததுதான் பெரிய பிரச்சினை. என் அறையில் படம் காட்டிச் சொல்லச் சொன்னபோது இது வெளியே தெரியவே இல்லை.

ஆகவே உங்கள் 52 பேர் பட்டியலையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். காதில் பட்டென்று விழுகிற குறைதான் பட்டியலில் ஏறும். புரியாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது ‘கவனம் இல்லை’, ‘சோம்பல்’ என்ற பெயர்தான். வேறு எந்தக் காரணமும் வெளிப்படையாகத் தெரியாமல் மொழி தடுமாறுகிற நிலையை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். பிரிட்டிஷ் உளவியலாளர் டோரத்தி பிஷப்பும் பல துறை வல்லுநர்களும் கூடிப் பேசி, 2017இல் இந்தப் பெயரைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் சுமார் 7.5 சதவீதக் குழந்தைகளிடம் இது தெரிந்தது. 30 பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா? ஒரு கதையைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். 50 வாக்கியமாவது பதிவு செய்து எழுதிப் பாருங்கள். கேள்வி பதில் சோதனையில் ஒளிந்துகொள்வது கதை சொல்லும்போது வெளியே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். சளிப் பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய குழந்தைக்குச் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது.

பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியவர்களும் இருப்பார்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்லும் குழந்தையின் வீட்டிலும் எல்லோரும் அப்படியே சொன்னால் அது வட்டார வழக்கு. அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

சரி, உண்மையிலேயே உச்சரிப்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு? 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு கட்டுரை, பெரும்பாலான மெய்யொலிகள் 5 வயதுக்குள் வந்துவிடுகின்றன என்கிறது. ‘க’ இருக்கும் இடத்தில் ‘த’ சொல்கிற ஆறு வயதுக் குழந்தை தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட குழந்தைக்கு வாரம் ஒரு முறை 30 நிமிடத்தைவிட, வாரம் நான்கு முறை ஐந்து ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். வகுப்பு வாசலில் நின்றபடியே செய்யலாம். விளையாட்டு அட்டையைப் பரப்பி, அடுக்கி நேரம் போகாது; ஐந்து நிமிடமும் வாய் வேலை செய்யும். என் அனுபவத்தில் இதற்கு ஈடான மாற்றம் வேறு எதுவும் இல்லை.

அந்தக் குழந்தை ‘காக்கா’ என்று சொல்ல நினைத்தால் ‘தாத்தா’ என்று வரும். இது நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இரண்டு படங்களையும் வைத்து, “எதை எடுக்கட்டும்? நீ சொல்லு” என்று கேளுங்கள். “தாத்தா” என்றால் தாத்தா படத்தையே எடுங்கள். தன் சொல் வேறு பொருளைத் தந்துவிட்டது என்று குழந்தை உணர்கிற அந்த நொடியில்தான் திருத்திக்கொள்ளும் ஆசை வரும். இதையே வகுப்புக்கும் கொண்டுபோகலாம். “தாத்தா பறக்குது” என்று குழந்தை சொன்னால், “ஆமாம், காக்கா பறக்குது” என்று ஆசிரியர் இயல்பாகச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். ஆசிரியரிடம் ஒரு குழந்தைக்கு இப்படி ஒரே ஒரு உதவி கேளுங்கள். பத்து அறிவுரை எழுதிய தாளைக் கொடுத்தால் அது மேசை டிராயருக்குள் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையிலும் 30 பிள்ளைகள்.

மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பாடத்தாள் தயாரிக்காதீர்கள். அடுத்த வாரம் என்ன பாடம் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதிலிருந்து நான்கைந்து சொற்களை எடுங்கள். ‘ஆவியாதல்’ என்றால், முதலில் அந்தச் சொல்லின் ஓசையைப் பிரித்துச் சொல்ல வையுங்கள், பிறகு ஈரத் துணி உலர்வதைக் காட்டுங்கள், பிறகு குழந்தையே ஒரு வாக்கியம் சொல்லட்டும். இது வகுப்பில் அந்தப் பாடம் வருவதற்கு முன்பே நடக்க வேண்டும். எப்போதும் பின்தங்கியே இருந்த பிள்ளை அன்றைக்குக் கையைத் தூக்கும். அதைப் பார்த்த ஆசிரியர் அடுத்த வாரச் சொற்களைத் தானே கொண்டுவந்து தருவார்.

குழந்தைக்கான இலக்கையும் வகுப்பை வைத்தே எழுதுங்கள். ‘புரிதல் மேம்படும்’ என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது. ‘வகுப்பில் ஆசிரியர் சொல்லும் இரண்டு வேலைகளை, பக்கத்தில் பார்க்காமல், 5 முறையில் 4 முறை செய்வான்’ என்று எழுதினால் ஆசிரியரே எண்ணிச் சொல்வார். “ஒன்றும் மாறவில்லையே” என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

திக்கிப் பேசும் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே எத்தனை முறை திக்குகிறது என்ற எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, பேசப் பயப்படாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். “மெதுவாகப் பேசு” என்று சொல்ல வேண்டாம், வாக்கியத்தை முடித்துக் கொடுக்க வேண்டாம் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். சத்தமாக வாசிப்பதை எப்படிச் செய்ய விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது பெரும்பாலோருக்குத் திக்கல் வெகுவாகக் குறையும் என்பதால், சிலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதற்கெல்லாம் நேரம்? மூன்று வாரம் நேரடிப் பயிற்சி, நான்காவது வாரம் வகுப்புக்குப் போய்ப் பார்க்கவும் ஆசிரியர், பெற்றோரோடு பேசவும் மட்டும் என்று அட்டவணையை மாற்றலாம். பல பள்ளிகளில் நடைமுறையில் உள்ள முறைதான். தலைமை ஆசிரியரிடம் அந்த 26 மணி நேரக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். ஒருவருக்கு இத்தனை குழந்தைகள் என்று அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம்கூட எண் சொல்வதில்லை. 2002 முதல் மொத்த வேலைச் சுமையைப் பார்க்கச் சொல்கிறது.

இந்த வாரமே மூன்று வகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாடவேளை பின்வரிசையில் உட்காருங்கள். நோட்டில் இரண்டு கேள்விகள் போதும். என்ன சொன்னார்கள்? பிள்ளை என்ன செய்தது?