வாசகர் கேள்வி பதில்: பழைய லேப்டாப்பில் எல்எக்ஸ்கியூடி

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் லுபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதில் வரும் எல்எக்ஸ்கியூடி என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்பை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நான்கு இங்கே.

4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். மெனுவும் கோப்புகளும் சட்டென்று திறக்கின்றன. ஆனால் யூடியூப் விக்கி விக்கி ஓடுகிறது, ஏழெட்டு டேப் திறந்தால் மவுஸே நகர மாட்டேன் என்கிறது. இதுவா எடை குறைந்த டெஸ்க்டாப்? (வாசகர், திண்டுக்கல்)

உங்கள் ஏமாற்றம் புரிகிறது, இதே குறையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். டெஸ்க்டாப் என்பது பேனல், மெனு, கோப்பு மேலாளர், ஜன்னல்களைக் கவனித்துக்கொள்ளும் ஓப்பன்பாக்ஸ், அவ்வளவுதான். எல்எக்ஸ்கியூடி மிச்சம் பிடித்துக் கொடுப்பது அந்த இடத்தில் மட்டுமே, நீங்கள் திறக்கிற இணையதளம் கனமான டெஸ்க்டாப்பில் எவ்வளவு ராம் கேட்குமோ கிட்டத்தட்ட அதே அளவை இங்கேயும் கேட்கும்.

வீடியோ திணறுவது வேறு விஷயம். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வீடியோ சுருக்க வடிவங்களில் அனுப்புகிறது, 2015-க்கு முந்தைய கிராஃபிக்ஸ் சிப்புகளில் பலவும் எச்.264 வடிவத்தைத்தான் தாங்களே கையாளும், மற்றது எல்லாம் பிராசஸர் தலையில் விழும். யூடியூபை எச்.264 வடிவத்திலேயே அனுப்ப வைக்கும் எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு, 480பி-யில் வைத்துப் பாருங்கள். மவுஸ் உறைவதற்குக் காரணம், ராம் நிரம்பி மிச்சமெல்லாம் மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் வருவதுதான். அதற்கு இசட்ராம் என்ற லினக்ஸ் வசதி உதவும், அது ராமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைக்கும். செலவு செய்ய முடிந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்கள், எந்த டெஸ்க்டாப்பை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் தெரியாது.

ராம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ (free) கட்டளை கொடுத்தால் 4 ஜிபியில் 300 எம்பி மட்டுமே 'ஃப்ரீ' என்று வருகிறது. எல்லாவற்றையும் எது தின்கிறது? (மாணவி, கும்பகோணம்)

பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ், படித்த கோப்புகளை வைத்திருக்கப் பயன்படுத்திக்கொள்ளும், ஒரு மென்பொருள் கேட்டதும் விட்டுக்கொடுத்துவிடும். 'அவைலபிள்' என்ற கடைசி நெடுவரிசையைப் பாருங்கள், மென்பொருள்களுக்குக் கிடைக்கக்கூடிய ராம் அதில்தான் தெரியும்.

லுபுண்டுவில் முன்பு வந்த எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப் இதைவிட லேசாக இருந்ததே, ஏன் மாற்றினார்கள்? (வாசகர், சேலம்)

லேசாக இருந்தது உண்மைதான். தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ 2006-ல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ, ஜன்னல், பொத்தான் போன்றவற்றை வரையும் ஜிடிகே2 என்ற மென்பொருள் தொகுப்பின் மேல் கட்டியது. அந்த ஜிடிகே2-க்கு வயதாகிக்கொண்டே போனது, ஜிடிகே3-க்கு மாறுவதில் அவருக்குத் திருப்தி இல்லை, அதனால் அதே வேலையைச் செய்யும் கியூடி என்ற இன்னொரு தொகுப்பின் பக்கம் போனார். 2013-ல் ரேசர்-கியூடி என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் குழுவும் கைகோத்தது, 2014-ல் எல்எக்ஸ்கியூடி வெளிவந்தது, லுபுண்டு 18.10-ல் அதற்கு மாறியது. கொஞ்சம் ராம் கூடுதலாகப் போனாலும், பராமரிக்க ஆள் இருக்கிற மென்பொருள்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 என்ற தமிழ் விசை முறையை வைத்தேன். 'பக்கம்' என்று அடித்தால் 'பககம்' என்று வருகிறது, ஒவ்வொரு புள்ளியையும் நானே போட வேண்டியிருக்கிறது. தினமும் தமிழில் தட்டச்சு செய்கிறவன் நான். விட்டுவிடலாமா? (வாசகர், காரைக்குடி)

விடாதீர்கள், இது சரியாகிற விஷயம். அங்கே கிடைப்பது வெறும் விசை அமைப்பு மட்டும், இந்த விசைக்கு இந்த எழுத்து என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விதி, பல மொழிகளின் உள்ளீட்டு விதிகளைக் கொண்ட எம்17என் என்ற மென்பொருளில் இருக்கிறது. தட்டச்சு முறைகளைக் கையாளும் ஐபஸ், அதற்கு எம்17என்-ஐ இணைக்கும் ஐபஸ்-எம்17என், எந்த உள்ளீட்டு மென்பொருள் என்று தேர்வு செய்யும் ஐஎம்-கான்ஃபிக் மூன்றையும் நிறுவி, ஐஎம்-கான்ஃபிக்கில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள், அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். ஏற்கெனவே போட்ட விசை அமைப்பை நீக்கிவிட்டு ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் மோதினால் எழுத்து குழம்பும். அதன் பிறகும் ஏதாவது ஒரு மென்பொருளில் மட்டும் தமிழ் வரவில்லை என்றால் அதன் பெயர், பதிப்பு எண், நீங்கள் அடித்த விசைகள், வந்த எழுத்து இவற்றை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கிறேன்.